கௌபாய் காதல் கதைக்காக லியோங்காதா மாட்டுப் பண்ணைக்குப் போனேன்

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, லியோங்காதா பக்கம் உள்ள மாட்டுப் பண்ணை ஒன்றுக்குப் போய்வந்தேன். இணையத்தில் நான் எழுதும் தொடர்கதையைப் படிப்பவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய ஆஸ்திரேலியப் பண்ணை, குதிரையில் மாடு ஓட்டும் நாயகன், கடலுக்கு அப்பால் அவனுக்காகக் காத்திருக்கும் காதலி. அத்தனையையும் மெல்பர்ன் பக்கம் கிரான்பர்னில் என் வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதினேன். குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. கதையை முடிப்பதற்குள் ஒரு பண்ணையையாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

காலை 7.40க்குப் புறப்பாடு. சவுத் கிப்ஸ்லாண்ட் நெடுஞ்சாலையில் 88 கிலோமீட்டர், சுங்கம் கிடையாது. வழியில் கொரும்பராவில் ஒரு காபி, ஐந்தரை டாலர். 9.15க்குப் போய்ச் சேர்ந்தேன்.

பண்ணையில் வேலை பார்க்கும் ரவி வாசலில் நின்றார். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) இலங்கையிலிருந்து படகில் வந்தவர், இன்னமும் தற்காலிக விசாதான், குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. என் வாசகர். மந்தை மிரண்டால் என்ன செய்வார்கள், கன்று ஈனும்போது எப்படி உதவுவார்கள் என்றெல்லாம் ஒரு வருடமாகப் போனில் சொல்லித் தந்தவர்.

"குதிரை எங்க ரவி?"

"குதிரையோ? அதெல்லாம் உங்கட கதையிலதான் அக்கா. எங்களுக்கு இதுதான்" என்று சேறு அப்பிய நாலு சக்கர பைக்கைக் காட்டினார்.

இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டு, கொட்டகையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அப்போதுதான் கேட்டார்.

"அக்கா, அந்தப் பெட்டை வேற ஆளைக் கலியாணம் கட்டுற மாதிரி ஏன் எழுதினனீங்கள்?"

"கதையில ஒரு திருப்பம் வேணும்ல?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மதியும் வாசிக்கிறவ."

மதி அவர் மனைவி, வவுனியாவில் இருக்கிறார். அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டேன். ஒரு வருடப் பேச்சில் மாடுகளின் பெயர்களைக்கூடக் குறித்து வைத்திருந்தேன். மனைவியின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

தனிமை தாங்காமல், மனைவியிடம் பேசுவதுபோல ஒரு பசுவிடம் அன்றாடக் கதையெல்லாம் சொல்வேன் என்று ரவி ஒருமுறை சொல்லியிருந்தார். அவரைக் கேட்காமலே அதை என் நாயகனுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த அத்தியாயத்தில் காதலி காத்திருந்து சலித்து வேறொருவனை மணந்துகொண்டாள். அதற்குத்தான் பாராட்டு குவிந்தது.

"மாட்டோட கதைக்கிறது நான்தான் எண்டு அவவுக்குத் தெரியும். 'என்னைப் பற்றி அந்த மனுசியிட்ட என்ன சொன்னனீங்கள்?' எண்டு கேட்டவ. மூண்டு கிழமையா என்னோட கதைக்கிறேல்லை."

மூன்று வாரமாகப் பேச்சில்லை என்று சொன்ன குரலில் கோபமே இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மதியின் எண்ணை வாங்கி என் போனிலிருந்து அழைத்தேன். மணி 11.45. அங்கே காலை ஆறேகால்.

"மதி, தப்பு என்னோடதுதான். அவர் உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நானா இட்டுக்கட்டினேன்."

"உங்கட கதையில அவள் எத்தினை வருசம் பாத்துக்கொண்டிருந்தவள்?"

"மூணு."

"எனக்கு இது பதினோராவது வருசம். போனை அவரிட்டக் குடுங்கோ."

கொடுத்தேன். ரவி வெளியே போய் நாற்பது நிமிடம் பேசினார். நான் கோப்பைகளைக் கழுவி வைத்தேன், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கேமரா பையிலேயே கிடந்தது.

"அவ கதைச்சிட்டா, அக்கா" என்று கண் சிவக்க வந்தார். மதி என்னை மன்னித்தாரா என்று கேட்கத் துணிவு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு அத்தியாயங்களையும் நீக்கினேன். ஏன் நீக்கினாய் என்று வாசகர்கள் திட்டினார்கள். கதையை எப்படி முடிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பண்ணையில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். தண்ணீர் புகாத பூட்ஸ் கட்டாயம். திறந்த கேட்டை உடனே மூடுங்கள். போய்வரப் பெட்ரோல் எனக்கு 24 டாலர் ஆனது. யாராவது மனம்விட்டுப் பேசினால், எழுதுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்தப் பதிவை இருவருக்கும் அனுப்பிச் சம்மதம் வாங்கினேன். முதலில், போனில் மதி அழுதார் என்று எழுதியிருந்தேன். அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "நான் எங்க அக்கா அழுதனான்? எனக்குக் கோவம். அதை எழுதுங்கோ."