இரண்டாம் பக்கத்தில் ஒரு நிமிடம்

பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்கு வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவது கசெட், விட்டுவிட்டுப் போவது அபிப்பிராயம். இதே தொழிலில் இருந்து, கடையைப் பூட்டிய பிறகும் அடுத்தவர்களின் அபிப்பிராயங்கள் காதுக்குள் இரைய வீட்டுக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் படப்போகும் பாட்டை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

என் கடை திருகோணமலையில், நகரத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து வீட்டுக்கு வீடு கசெட் பிளேயர் வரத் தொடங்கிய காலம். இசைத்தட்டு சுழல ஒரு பெட்டி, பதிவதற்கு இரண்டு பெட்டி, தட்டுகள் அடுக்கிய கண்ணாடி அலுமாரி, வாடிக்கையாளர்கள் இருப்பதற்கு ஒரு வாங்கு. அந்த வாங்கைப் போட்டதுதான் நான் செய்த முதல் பிழை. சனிக்கிழமை மத்தியானம் திரும்பியதும் மூன்று பேர் வந்து அதில் அமர்ந்துவிடுவார்கள். எனக்கும் வாய் சும்மா இராது. யார் என்ன சொன்னாலும் மறுத்துக் கதைக்காவிட்டால் சாப்பிட்டது செமிக்காது.

கைக்கடிகாரம்

அந்த வருடம் ஒரு புதுப் படத்தின் எல்.பி. தட்டுக் கொழும்பிலிருந்து வந்தது. படம் எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. வழக்கமாக அந்த மாதிரித் தட்டில் ஐந்தாறு பாட்டு இருக்கும், இடையிடையே கொஞ்சம் வசனம் இருக்கும். இதில் பாட்டு இரண்டே இரண்டு. மிச்சம் முழுவதும் படத்தின் பின்னணி இசை, ஒரு சொல்லும் கிடையாது. பக்கத்துக்கு இருபத்தாறு நிமிடமாக மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். வாங்கில் இருந்த மூவருக்கும் மாதக்கணக்கில் அது போதுமாக இருந்தது.

முதலாமவர் நடேசு. அரசாங்கக் காரியாலயத்தில் கிளார்க். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இசைக்கும் நேரம் குறிப்பார். தொடக்கத்தில் வயலினில் வரும் மெட்டு அந்தத் தட்டில் ஏழு தரம் திரும்பி வருகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒருமுறை வீணையில், ஒருமுறை மேளத்தோடு, ஒருமுறை தலைகீழாக. ஒரே மெட்டை ஏழு தரம் விற்று நேரத்தை இழுத்திருக்கிறான் என்று அவர் வழக்காடினார். "ஐந்தாம் தரம் வரும் வரைக்கும் உங்களுக்கே அது அதே மெட்டென்று தெரியவில்லையே" என்று நான் மடக்கினேன். மனிதன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதைத்தானே தம்பி நானும் சொல்லுறன். ஏமாந்த நேரத்தையும் சேர்த்துத்தான் நீளம் பாக்கவேணும்."

மூன்றரை லோஞ்ச்

இரண்டாமவர் ஹனீபா நானா. மூதூரில் புடவைக் கடை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் சரக்கெடுக்க வந்துவிட்டு, மூன்றரை மணி லோஞ்ச் படகில் குடாவைக் கடந்து திரும்பிப் போவார். தட்டு அளவுக்கு மிஞ்சி நீளம், இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது இசையோடு நிறுத்தியிருக்கவேண்டும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் வீண் என்று அடித்துச் சொல்லுவார். நான் மறுப்பேன். அவர் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டே மறுமொழி சொல்லுவார், சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை கடல் கொந்தளிப்பு, லோஞ்ச் ஓடவில்லை. அன்றுதான் அவர் இரண்டாம் பக்கத்தைக் கடைசிவரை இருந்து கேட்டார். முடிவில் அந்த மெட்டு எல்லா வாத்தியங்களையும் விட்டுவிட்டு ஒற்றை வீணையில் மெல்ல இறங்கி வந்து நிற்கும். ஊசி உள்வட்டத்தில் உரசத் தொடங்கிய பிறகும் நானா எழும்பவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாவதுக்குப் பிறகு வந்த எதையும் அவர் அதுவரை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கடைசிப் பக்கம் கிழிஞ்ச புத்தகத்தை வாசிச்சிட்டு, கதை நீளம் எண்டு இவ்வளவு நாளும் ஏசியிருக்கிறன் தம்பி."

பாதிக் கசெட்

மூன்றாமவர் தவராசா அண்ணை. ஒரு தனியார் முதலாளியின் இழுவைப் படகில் எஞ்சின் பார்ப்பவர். பெரிய கப்பல்களையும் பாதை என்கிற தட்டையான சரக்குப் படகுகளையும் துறைக்குள் இழுத்துவரும் படகு அது. மேலே சுக்கான் பிடிப்பவர் மணியடிப்பார். கீழே எஞ்சினோடு நிற்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அந்த மணியைக் கேட்டுத்தான் முன்னுக்குப் போடவேண்டும், பின்னுக்குப் போடவேண்டும், நிற்பாட்டவேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்த இரைச்சலுக்குள் நின்ற மனிதன் உரத்துக் கதைப்பதில் புதினம் என்ன என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

ஒருநாள் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் வந்தார். எங்கள் ஊரில் மிஸ்ஸி என்போம். அறுபது நிமிடக் கசெட்டில் ஒரு பக்கம் அம்மாவுக்குத் தேவாரம், மற்றப் பக்கம் இந்தத் தட்டு வேண்டும் என்றார். ஐம்பத்திரண்டு நிமிடத்தை முப்பதுக்குள் அடக்கவேண்டும். எதை வெட்டுவது? வாங்கில் பெரிய யுத்தமே மூண்டது. திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் வெட்டச் சொன்னார் நடேசு. கடைசி வீணையில் கைவைத்தால் கடைக்கே வரமாட்டேன் என்றார் நானா. தவராசா அண்ணை எழும்பி நின்றுவிட்டார். "எதை வெட்டினாலும் ரெண்டாம் பக்கத்தில நாலாவதைத் தொடாதையுங்கோ! நடுவில ஒரு நிமிசம் ஒரு வாத்தியமும் இல்லை. அப்பிடியே சும்மா விட்டிருக்கிறான். அதுக்கு எவ்வளவு துணிவு வேணும்!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் தனியாக வாசிக்கிறது. மெல்லியதுதான், உச்சத்தில் நிற்பதுதான், ஆனால் அந்தத் தட்டிலேயே அதைவிட அழகான இடம் கிடையாது. மறுத்துக் காட்டுவதற்காக நான் ஊசியை அங்கே வைத்தேன். குழல் தொடங்கியது. தவராசா அண்ணை விரலை உயர்த்தி, "இந்தா, இதுதான்" என்பதுபோல எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் போனபின் மிஸ்ஸி மட்டும் நின்று மெதுவாகச் சொன்னார்.

"அவருக்கு நாங்கள் கதைக்கிறதும் சரியாக் கேக்கேல்லை அண்ணை. வாயைப் பாத்துத்தான் மறுமொழி சொல்லுறார். ஆராவது சொல்லி ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நடேசுவின் தீர்ப்பு

சொல்லுகிறேன் என்று மிஸ்ஸியிடம் ஒத்துக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் என்றால் சொல்லுங்கள்: இசையென்றால் உயிரை விடும் ஒரு மனிதனிடம் போய், உங்களுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று எந்த வாயால் சொல்லுவீர்கள்? அவர் சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு கசெட்டாகத்தான் வீட்டுக்குப் போனது. அடுத்த சனி சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனி அவரே கதையைத் தொடங்கினார். "நடேசு, நீர் எல்லாத்தையும் அளக்கிறீர். அந்தச் சத்தமில்லாத இடத்தை மட்டும் அளக்கேல்லையே?" ஹனீபா நானா அவசரமாக, "ஓம் தவராசா, நல்ல இடம், சும்மா விட்டது நல்லாத்தான் இரிக்கு" என்றார். நான் ஊசியை வைத்தேன். குழல் வாசித்தது. நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடேசுவை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஒரு செக்கன் பிசகினாலும் விடாத மனிதன், பிழையைக் கண்டால் சொந்தத் தகப்பனென்றும் பாராதவர். குழல் ஓயும் வரைக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, தவராசா அண்ணைக்கு நேரே முகத்தை வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எங்கள் மூன்று பேருக்கும் அன்று நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தி. படகையோ மணியையோ நாங்கள் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"முழு நிமிசம் இல்லை அண்ணை. ஐம்பத்தெட்டு செக்கன்."

முழுச் சத்தம்

இரண்டு கிழமை கழித்து அந்த இழுவைப் படகு இறங்குதுறையில் மோதியது. நிற்பாட்ட வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பலகைகள் நொறுங்கி, கரையில் கயிறு பிடித்து நின்ற ஒருவரின் கால் முறிந்தது. இரண்டு தரம் மணியடித்தேன் என்று சுக்கான் பிடித்த அந்தோனி சத்தியம் பண்ணினான். மணி வரவே இல்லை என்றார் தவராசா அண்ணை. இருபத்திரண்டு வருட மனிதனின் சொல்லா, போன வருடம் சேர்ந்தவனின் சொல்லா? முதலாளி அந்தோனியை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார். விசாரித்துவிட்டு நிரந்தரமாக நிற்பாட்டுவதென்று கதை.

அதைக் கேள்விப்பட்ட நிமிடமே நான் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவர் வேலை போகும், சொல்லாவிட்டால் இவன் வேலை போகும் என்று மனதுக்குள் தராசு பிடித்துக்கொண்டு இருந்தேன். இன்றைக்கும் அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு புதன்கிழமை பகல் தவராசா அண்ணை தனியே வந்தார். வாங்கில் இருக்கவில்லை. "தம்பி, நேற்று வீட்டில நீ பதிஞ்சு தந்த இந்தத் தட்டின்ர கசெட்டைப் போட்டனான். மனிசி குசினியில மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தவ. அந்தச் சத்தமில்லாத இடம் வந்தது. அவ தலையை ஆட்டிக்கொண்டு வெட்டுறா. ஒண்டும் இல்லாத இடத்தில மனிசி எதுக்குத் தலையாட்டுறா? அந்த இடத்தைப் போடு" என்றார். போட்டேன். "சத்தத்தைக் கூட்டு." கூட்டினேன். இன்னும் கூட்டச் சொன்னார். திருகியை முடிவுவரை திருப்பினேன். குழல் தெரு முழுவதும் கேட்டது. எதிர்ப்பக்கம் சைக்கிளில் போன இருவர் இறங்கி நின்று பார்த்தார்கள். அவர் உள்ளங்கையை ஸ்பீக்கர் துணியில் வைத்துக்கொண்டு, "இப்ப வருதோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "என்னது?" "புல்லாங்குழல்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே கொண்டுபோய் விரல்களை அசைத்துக் காட்டினேன். கையை எடுக்காமல் முழுவதும் முடியும்வரை நின்றார். பிறகு தனக்குத்தானே சொல்லுவதுபோல, ஆனால் வழக்கம்போல உரத்து, சொன்னார்.

"அப்ப அந்தப் பெடியன் மணி அடிச்சிருக்கிறான்."

அந்தோனி

என் கடையிலிருந்து அவர் நேரே முதலாளியிடம் போனார் என்று பிறகு அறிந்தேன். பிழை தன்னுடையது, அந்தோனி மணியடித்தவன்தான், தனக்குத்தான் காது கேட்கவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். மிஸ்ஸிதான் ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கூட்டிப்போனார். எஞ்சினுக்குப் பக்கத்தில் இனி நிற்க ஏலாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கரையில் கயிறும் சங்கிலியும் வைக்கும் கொட்டிலில், முன்னையதைவிடக் குறைந்த வேலை ஒன்று கிடைத்தது. சனிக்கிழமைகளில் வருவதை அவர் நிறுத்தவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்து முனையில் அமர்ந்து கையை அதில் வைத்துக்கொள்வார். நடேசு கொஞ்ச நாள் கடிகாரம் இல்லாமல் வந்தார். நானா அந்த நாலாவது இசையைப் பற்றி மூச்சே விடவில்லை. எங்களைத் தவராசா அண்ணை ஒருநாளும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தோனி திரும்ப வேலைக்குப் போன கிழமை என் கடைக்கு வந்தான். பாட்டுக் கேட்கிற ஆளில்லை, கசெட் பிளேயரும் அவனிடம் கிடையாது. "தவராசா அண்ணைக்குக் கேளாத இடம் எது? ஒருக்காப் போடுங்கோ" என்றான். சத்தத்தை முன்புபோலக் குறைத்து வைத்துப் போட்டேன். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டான். கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான்.

"இவ்வளவு வடிவாக் கேக்குது. கிழமைக்குக் கிழமை கூட இருந்த நீங்கள் மூண்டு பேரும் அந்த மனுசனுக்குச் சொல்லேல்லையோ?"

ஐம்பத்திரண்டு நிமிடத் தட்டின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஊரோடு மல்லுக்கட்டிய நான், வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும்தான்.