மூக்கு எங்களுது, பி.பி. யாருது?

"...மூக்கப் பாரு, எங்க மாமனாரு மூக்கு. காது எங்க வூட்டுக் காது. காலுவெரலுகூட எங்களுதுதான்" என்று எங்கம்மா, பிறந்த பேத்தியைத் தலையிலிருந்து கால்வரை பங்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

பங்கு என்றால் எதிர்த்தரப்புக்கும் ஏதாவது போக வேண்டுமே! ஓரிக்கையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த என் மாமியாருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: கர்ப்பத்தில் என் மனைவிக்கு ஏறிய ரத்த அழுத்தம். "எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாதும்மா. பொண்ணு வூட்டுலருந்து வந்தது" என்று, கைகால் வீங்கி மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அம்மா ஆரம்பித்துவிட்டாள். இப்போது தாயும் பிள்ளையும் நலம். அழுத்தம் இறங்கிவிட்டது, வார்டு முழுக்க லட்டு கொடுத்தாயிற்று. அந்தப் பேச்சு மட்டும் இறங்கவில்லை. அதைக் கேட்டால் போதும், மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அன்று மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "மூக்கு உங்களுது, காது உங்களுது, பி.பி. மட்டும் எங்களுதா சம்பந்தியம்மா?"

இந்தக் கேள்வியை இன்றைக்கும் கிடைத்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேன். அன்று முதலில் சிரித்தது டாக்டரம்மா. கர்ப்பத்தில் அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று ஆராய, சென்னையிலிருந்து ரத்தம் சேகரிக்க வந்தவர்.

"நச்சுக்கொடி குழந்தையோட பங்கும்மா. அதுல பாதி அப்பா வழி. அம்மா உடம்போட எதிர்ப்புச் சக்தி அதுகிட்ட சேதி பேசி, பழகி, ரத்தம் போக வழி விடணும். அந்தச் சேதிக்கான மரபணு ரெண்டு பக்கமும் இருக்கு. பேச்சு ஒத்துப்போகலைன்னா அழுத்தம் ஏறுதோன்னு பார்க்கிறோம். இன்னும் முடிவாத் தெரியலை. அதனாலதான் ரெண்டு வீட்டு ரத்தமும் கேக்கறேன்."

"அப்ப எங்க வூட்டுல இருந்தும் வந்திருக்கலாம்னு சொல்றியா?" என்றாள் அம்மா.

"இருக்கலாம். யார் தப்பும் இல்லை."

மனைவி சுவரை விட்டுத் திரும்பினாள். "கொழந்த முழுக்க உங்க வூட்டுதுன்னு நீங்கதான அத்தை சொல்லிக்கினு இருந்தீங்க?"

எதிர்க்கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அம்மாவுக்கு ஊசி என்றால் உயிர் போகும். காய்ச்சலில் கிடந்தாலும் மாத்திரையோடு சரி. ஆனால் மாமியார் உட்காரப்போன ஸ்டூலில் முந்திக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்குத்தான் மொதல்ல" என்று இடக்கையை நீட்டினாள். ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி, வலக்கையால் சம்பந்தியம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.