மூன்று மொட்டைத் தலைகள்

சென்ற மாதம் என் மகள் கடலூருக்குப் பல் வைத்தியரிடம் போனபோது, தன் மூன்று பிள்ளைகளையும் காடாம்புலியூரில் என் வீட்டில் விட்டுச் சென்றாள். கடைசிப் பெண்ணுக்கு இரண்டு வயது. அதற்கு முந்தைய வாரம்தான் குலதெய்வம் கோயிலில் மூவருக்கும் மொட்டை போட்டிருந்தோம். கூட வந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அன்றே போட்டார்கள்.

பிள்ளைகள் வாசலில் பலாமர நிழலில் விளையாடினார்கள். நான் பேப்பர் படித்தபடி, ஒரு பக்கம் முடியும்போதெல்லாம் நிமிர்ந்து எண்ணினேன். ஆறு முறை எண்ணினேன். ஆறு முறையும் மூன்று மொட்டைகள் இருந்தன.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "மாமா, எங்க மொட்டையும் உங்க கூட்டத்துல சேந்துட்டானா? டேய், சோறு துன்ன வாடா!"

மூவரில் ஒருவன் எழுந்து ஓடினான். மிச்சம் இருந்தவர்கள் என் மூத்த பேரப்பிள்ளைகள் இருவர். சின்னவளைக் காணோம்.

செருப்புகூடப் போடாமல் பின்பக்கம் ஓடினேன். காலையில் மோட்டார் போட்ட நான், தரைத் தொட்டியை மூடாமல் விட்டிருந்தேன். குழந்தை அதன் விளிம்பில் குப்புறப் படுத்துத் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். கத்தினால் பயந்து விழுந்துவிடுவாள் என்று சத்தமில்லாமல் போய், காலைப் பிடித்து இழுத்தேன்.

சாயங்காலம் மகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

"எண்ணிக்கினே இருந்தீங்களேப்பா, எம் பொண்ணு மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றாள்.

இப்போது தொட்டி மூடிக்குப் பூட்டு உண்டு. பிள்ளைகள் போன பிறகே பேப்பரைப் பிரிக்கிறேன். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் திரும்பும்வரை காத்திருக்கிறேன். கூப்பிடுவது பெரியவர்கள் இருவரைத்தான். சின்னவளை மகள் இன்னும் என்னிடம் விட்டுப் போகவில்லை.