மினி பஸ்ஸுக்குள் நீட்டிய மனு

அஸ்தினாபுரத்துக்கு அரசே பஸ் விட வேண்டும் என்று ஒரு மனு. இன்று காலை குரோம்பேட்டை போகும் தனியார் மினி பஸ்ஸில் அதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், அந்த பஸ்ஸுக்குள்ளேயே. கொழுப்புதான்.

ஆறாவது ஆளிடம் நீட்டும்போது கண்டக்டர் அட்டையோடு பிடுங்கிக்கொண்டார்.

"இன்னா சார் இது?"

நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார். கையெழுத்துப் போட இருந்த அக்கா, பேனாவை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார்.

"லேடீஸுக்கு ஃப்ரீ, டைமுக்கு பஸ்ஸு, எல்லாம் எழுதிக்கீறீங்க. கவர்மென்ட் பஸ்ஸு வந்தா நான் எங்க சார் போவேன்? அது எங்க கீது இதுல?"

இல்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மூன்று கூட்டம் போட்டு எழுதிய மனு. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"சேத்துடறோம் அண்ணா."

"சேத்துகினு வாங்க. அப்பால பேசலாம்."

மனுவை என் மடியில் போட்டுவிட்டு விசில் அடித்தார்.

அந்த வரியை எப்படி எழுதலாம், சொல்லுங்கள். இன்றைக்கே வேண்டும். நாளைக் காலையும் அவர் பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும். வேறு பஸ் இருந்தால் நான் ஏன் மனு எழுதப்போகிறேன்?