லிஃப்ட்காரி வைத்த சோதனை

கிரேன்காரன் துறைமுக வேலைக்குப் புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ் ஏறும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், லிஃப்ட் மெக்கானிக்கான அவனுடைய காதலியின் தலைக்குள் ஊர்வலமே கிளம்பிவிட்டது: கைவிட்டுவிட்டான், வேறொருத்தி இருக்கிறாள், கல்யாணப் பேச்சு அம்போ.

"ரெண்டு கையிலயும் பெட்டி. திரும்பியிருந்தா படியில விழுந்து பல்லு போயிருக்கும். பொக்கை வாயனையா கட்டிக்கப் போற?" என்றாள் அக்கா.

தங்கையைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே, அவர் பெட்டி இருக்கிறதா என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து வளர்ந்தவள். அவள் கண்ணுக்குக் காதலன் என்றாலே கிளம்பப் போகிறவன். அவனோ விடுதியில் வளர்ந்தவன். எங்கே இருக்கிறாய் என்று அன்பாகக் கேட்டாலும் அவனுக்கு வார்டன் முகம்தான் தெரியும். ஆகவே அவள் செய்தி மேல் செய்தியாக அனுப்புவாள், அவன் "ம்" என்பான். அந்த ஒற்றை எழுத்துக்கு அக்காவிடம் அரை நாள் விளக்கவுரை நடக்கும்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. எந்த லிஃப்டைப் பழுதுபார்த்தாலும், முடித்ததும் அபாய மணியை ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். கீழிருந்து காவலாளி குரல் கொடுத்தால்தான் நிம்மதி. பழக்கதோஷம், ஒருநாள் காதலிலும் அழுத்திவிட்டாள். "போதும், நிறுத்திக்கலாம்" என்று அவனுக்கு அனுப்பினாள். அலறியடித்து ஓடிவருவான் என்று புதுச் செருப்பு வேறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. "ம்" கூட இல்லை.

நீயே போன் பண்ணித் தொலையேன் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இவளுக்கு வீம்பு. மழை போய் வெயில் வந்தது. கையிலிருக்கும் திருப்புளியை வீடெல்லாம் தேடினாள். ஓரிடத்தில் மொட்டை மாடிப் பொத்தானையும் கீழ்த்தளப் பொத்தானையும் மாற்றிப் பொருத்திவிட, துணி காயப்போடப் போனவர் ஈரத் துண்டோடு கார்களுக்கு நடுவே நின்றார்.

பிறகொரு நாள், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அவன்தான். ஆயுளில் அவன் எழுதிய மிக நீளமான செய்தி.

"எங்க வேலையில நிறுத்துன்னு யார் கை காட்டினாலும் அப்படியே நிறுத்திடணும். ஏன்னு கேக்கக் கூடாது. மறுபடி தூக்குன்னு கை காட்டுற வரைக்கும் அசையக் கூடாது. நானும் இத்தனை மாசமா அந்தரத்துல தொங்கிட்டிருக்கேன். கொஞ்சம் கை காட்டேன்."