துண்டுக்குள் போட்ட மார்க்

இரட்டைக் கம்பி விளையாட்டுக்கு மார்க் போடுவதைப் பற்றி என்னிடம் யாரும் சட்டம் பேச வராதீர்கள். முழங்கால் மடங்கினால் எவ்வளவு குறைப்பது, குதித்த பிறகு ஓர் அடி தள்ளாடினால் எவ்வளவு குறைப்பது எல்லாம் நான் கரைத்துக் குடித்தவன். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு முதுகே வளைந்துவிட்டது. "என் பையனுக்கு அரை மார்க் எப்படிக் குறைஞ்சது?" என்று சண்டைக்கு வரும் அப்பாக்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். யோவ், எனக்கு மார்க் போட்ட கதை தெரியுமா உனக்கு என்று கேட்கத் தோன்றும். இதுவரை கேட்டதில்லை.

ஐம்பதுகளில், கிருஷ்ணகிரி இன்னும் சேலம் ஜில்லாவில் இருந்தபோது நடந்தது. ஹைஸ்கூல் மைதானத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கம்பி விளையாட்டுப் போட்டி. முதலில் வருகிற ஒருவன் மட்டும் சேலத்துக்குப் போகலாம். அங்கே தேறினால் மெட்ராசில் தேகப்பயிற்சிப் படிப்பு. எனக்கு ராத்திரி பகலாக அதே நினைப்பு.

என் அப்பா மாட்டுத் தரகர். போச்சம்பள்ளி, கல்லாவி, ஓசூர் என்று எந்தச் சந்தையிலும் அவர் இல்லாமல் பெரிய மாடு கைமாறாது. அவருக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. மாடுகளை நடத்திக்கொண்டு போக ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என்னிடம் ஒரே பேச்சு. "மொதல்ல வந்தா சேலம் போ, நான் தடுக்கல. இல்லாட்டி வர்ற ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளிக்கு மாட்டைப் புடி. அப்பறம் கம்பி கிம்பின்னு வாயைத் தொறக்கக்கூடாது."

போட்டிக்கு நாலு நடுவர்கள். கம்பிகளை வாங்கிக்கொடுத்த, குட்டி ஜமீன்தார் மாதிரியான மிட்டாதார் ஒருவர், அவரை எல்லோரும் எஜமானர் என்பார்கள். ஓசூரிலிருந்து வந்த கன்னடக்கார மாட்டு டாக்டர் ஒருவர். பர்மாவில் சண்டை போட்ட சுபேதார் ஒருவர். புளி மண்டி வைத்திருந்த பாய் ஒருவர். இவர்களில் யாரும் ஜென்மத்தில் கம்பியைத் தொட்டவர்கள் இல்லை. எங்கள் டிரில் மாஸ்டர் மட்டும் மெட்ராசிலிருந்து விதிப் புத்தகம் ஒன்று வரவழைத்து, அதை வேதம் மாதிரி கக்கத்திலேயே வைத்திருந்தார்.

"நாலு பேரும் பத்துக்கு இவ்வளவுன்னு சிலேட்டில எழுதித் தூக்கிக் காட்டணும். ரொம்ப அதிகமா இருக்கறதை ஒண்ணு, ரொம்பக் கம்மியா இருக்கறதை ஒண்ணு தள்ளிடணும். நடுவுல இருக்கற ரெண்டுக்கும் சராசரி எடுக்கணும். உலகம் பூரா இதுதான் சட்டம்" என்றார்.

முதல் பையன் கம்பியில் ஏறித் தவளை மாதிரி காலை உதைத்துவிட்டு இறங்கினான். இறங்கியதும் எஜமானரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். எஜமானர் குளிர்ந்துபோய் ஒன்பது போட்டார். டாக்டரும் பாயும் ஆறு, சுபேதார் ஐந்து. டிரில் மாஸ்டர் நாலையும் கரும்பலகையில் எழுதி, சட்டப்படி ஒன்பதின் மேலே சரக்கென்று ஒரு கோடு கிழித்தார்.

எஜமானரின் ஆள் துள்ளி எழுந்தான். "யோவ் வாத்தியாரே! யார் மார்க்கு மேல யாரு கோடு கிழிக்கறது?"

"சட்டங்க..." என்றார் மாஸ்டர். அதே வேகத்தில் சுபேதாரின் ஐந்தையும் கிழித்துத் தொலைத்தார். சுபேதாரின் மீசை துடித்தது. "குண்டடி பட்ட கையால போட்ட மார்க்குய்யா இது. உனக்கு வேண்டாமா?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. அடுத்த பையன் ஆடி முடித்துக் குதித்து, இரண்டு கையையும் தூக்கி விறைப்பாக நின்றான். நாலு பேரும் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மற்றவர் மார்க்கைப் பார்த்துவிட்டு நடுவாகப் போட்டால் கோடு விழாதே! "அவங்க காட்டட்டும்" என்றார் எஜமானர். "பெரியவங்க மொதல்ல" என்றார் சுபேதார். டாக்டர் எழுதியதைத் துப்பித் துப்பி அழித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் நாற்காலிக்கு நாற்காலி ஓடிக் கெஞ்சினார். கை தூக்கிய பையன் பாவம், நடுங்க ஆரம்பித்துவிட்டான்.

பாய்தான் வழி சொன்னார். "எழுதிக் காட்டினாத்தானுங்க கோடு. சந்தையில எத்தனை பேரு வெல கேக்கறாங்க, யார் கேட்டது கம்மின்னு யாருக்காச்சும் தெரியுதா? துண்டைப் போட்டு வெரலைப் புடிக்கச் சொல்லுங்க. நம்ம தரகர்தான் அங்க நிக்கறாரே."

பாய் கைகாட்டிய இடத்தில், வேலி ஓரமாக, என் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். இருவர் கைமேலும் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். முழுக்கையைப் பிடித்தால் ஐந்து, கூட மூன்று விரலைப் பிடித்தால் எட்டு, நுனியைக் கிள்ளினால் அரை. தமிழ், தெலுங்கு, கன்னடம் எதுவும் அங்கே வேண்டாம். உள்ளே நடந்தது தரகர் வாயிலிருந்து வெளியே வராது. நாலு பேர் விரலையும் பிடித்துப் பார்த்து, மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் மனசுக்குள்ளேயே தள்ளி, கடைசி மார்க்கை மட்டும் அப்பா சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

மாஸ்டர் தயங்கினார். "இவர் மகனும் ஆடறானே..."

ஓசூர்ப் பள்ளிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். "அதனால என்னங்க? அவரே இருக்கட்டும்!" இருக்கட்டும் என்று ஏன் சொல்லமாட்டார்கள்? நான் தோற்க வேண்டும் என்று ஊரிலேயே ஆசைப்பட்ட ஒரே மனுஷன் என் அப்பாதான், அது அவர்களுக்கும் தெரியும். "எனக்கு இது சம்மதம் இல்லைங்க சார்!" என்று கத்தினேன். "அப்பன் மேலயே நம்பிக்கை இல்லியாடா?" என்று எஜமானர் கேட்டதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தையில் நடப்பது போலவே நாற்காலி நாற்காலியாகப் போனார். நடுவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை. தவளைப் பையனுக்கும் திரும்பப் பிடித்துப் பார்த்து ஆறு என்றார்.

ஓசூர்க்காரப் பையன் ஏறினான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஆடினான். கம்பிமேல் தலைகீழாக நின்றபோது கால் இரண்டும் ஒட்டியே இருந்தன. குதிக்கும்போது மட்டும் ஓர் அடி பின்னால் போனான். அப்பா நாலு துண்டு முடித்துவிட்டு "எட்டரை" என்றார்.

கடைசியாக நான். ஆடியது பாதி ஞாபகமில்லை. தலைகீழாக நின்றபோது அப்பாவும் தலைகீழாகத் தெரிந்தார், அது மட்டும் ஞாபகமிருக்கிறது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தபடி நின்றார். குதித்தேன். பாதம் இரண்டும் மண்ணில் பதிந்து அப்படியே நின்றன.

அப்பா துண்டோடு கிளம்பினார். எஜமானர், டாக்டர், சுபேதார், பாய். முடித்துவிட்டுத் திரும்பியவர் துண்டை மடித்தார். பிறகு உதறினார். திரும்ப மடித்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"சொல்லுங்க தரகரே!" என்று கூட்டம் கத்தியது.

"ஒம்போது" என்றார், சொந்த மாட்டை நஷ்டத்துக்கு விற்றவர் மாதிரி. என் பக்கம் திரும்பி, "போய்த் தொலை சேலத்துக்கு!" என்று கத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

பிறகு நான் நடுவர் பரீட்சைக்குப் படித்தபோதுதான், ஆடுகிறவனின் சொந்தக்காரர் மார்க் போடும் இடத்தில் இருக்கவே கூடாது என்று விதி இருப்பது தெரிந்தது. சரியான விதி. நானே எத்தனையோ பேரை அதைக் காட்டி நடுவர் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறேன்.

போட்டி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான் சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அப்பாவும் போச்சம்பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மூன்று மாடுகள், அவர் ஒருத்தர். அன்றைக்கு யார் எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லக்கூடாதுடா" என்றார். கயிறுகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ஒண்ணு சொல்றேன். எட்டுன்னு சொல்லிடலாம்னுதான் வாயைத் தொறந்தேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"அப்பறம் ஏம்ப்பா சொல்லல?"

"வரலடா" என்றார். மாடுகளைத் தட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார்.