இரண்டு செக்கன்

மூன்று வருடத்துக்கு முந்தின ஆவணி மாதம். தெல்லிப்பழைக்கு வடக்கே புதிதாகத் தார்க் காபெற் போட்ட நேர் வீதி. காலை ஒன்பது மணி இருக்கும். என்னுடைய காருக்குள் நான்கு பேர் இருந்தோம்.

ஸ்டியரிங்கில் என் மனைவியின் தம்பி. கனடாவிலிருந்து ஏழு வருடத்துக்குப் பிறகு வந்திருந்தான்.

அவனுக்குப் பக்கத்தில் நான். கையில் போன். அதில் செக்கன் ஓடும் கடிகாரம்.

எனக்குப் பின்னால் கராஜ்காரர். எங்கள் பக்கத்துக் கார்கள் எல்லாம் அவர் கையால்தான் ஓடுகின்றன.

அவருக்குப் பக்கத்தில் அயல் வீட்டுக்காரன். என்னைப்போல ஒரு காரை வைத்து, வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடிச் சீவித்தவன்.

ஆள் கணக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் இருந்தவர்கள் இரண்டாம் ஓட்டத்திலும் இருக்க வேண்டும், ஒருவர் இறங்கினாலும் பாரம் மாறும், கணக்குப் பிழைக்கும் என்று கராஜ்காரர் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். மச்சான் வரும்போது ஒரு எயார் பில்ரர் கொண்டுவந்தான். காரோடு வந்த பில்ரர் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டுகிற சாமான். பளபளவென்று ஒரு குழாய். நுனியில் சிவப்புக் கூம்பு. எஞ்சினுக்குக் கூடக் காற்றுப் போகும், இழுவை கூடும், பெற்றோல் மிச்சம் என்றான். உடுப்பைக் குறைத்து, சூட்கேசில் இடம் பண்ணிக் கொண்டுவந்தானாம். மனைவி சொன்னாள். அந்தக் காரை எனக்கு வாங்கித் தந்தவனும் அவன்தான்.

ஓட்டத்துக்கு முதல் நாள் கராஜுக்குக் கொண்டுபோனோம். கராஜ்காரர் கூம்பை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"உது சத்தம் போடும். இழுக்காது."

"அண்ணை, கனடாவிலை பெடியள் எல்லாம் உதைத்தான் பூட்டுறாங்கள்."

"கனடாவிலை செம்மண் ஒழுங்கை இருக்கோ? உதுக்காலை தூசி போகும். பழைய பெட்டி முன்னுக்கிருந்து குளிர்காத்து எடுக்குது. உது எஞ்சினுக்குப் பக்கத்திலை நிண்டு சூட்டுக் காத்தைக் குடிக்கும். மூக்கைப் பெரிசாக்கினா ஓட்டம் கூடுமோ தம்பி? நெஞ்சு கொள்ளுற அளவுதான் மூச்சு."

அங்கே நின்ற அயல் வீட்டுக்காரன் சிரித்துவிட்டான். "கனடாக்காரருக்கு மூக்கு கொஞ்சம் பெரிசுதான் அண்ணை."

மச்சானின் முகம் கறுத்தது. "அளந்து பாப்பம். பயமெண்டால் சொல்லுங்கோ."

கராஜ்காரர் கையைத் துடைத்தார். "சரி. ஒரு செக்கன் குறைஞ்சாலும் நான் வாயைப் பொத்துறன். உதைப் பூட்டவேண்டாமெண்டு இனி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஊருக்கே தெரியும்.

மறுநாள் மதகடியில் காரை நிற்பாட்டினோம். அங்கிருந்து முழு வேகத்தில் பஸ் தரிப்பிடம் வரை. வெளிக்கிடும்போது நான் போனை அமத்திக் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். தரிப்பிடத்தைக் கடக்கும்போது திரும்ப அமத்தி நிற்பாட்ட வேண்டும். பழைய பெட்டியோடு முதல் ஓட்டம். பதினேழு செக்கன். சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள்.

பிறகு ஒரு மதில் நிழலில் வைத்துக் கராஜ்காரர் தானே பெட்டியைக் கழற்றிக் கூம்பைப் பூட்டினார். அரை மணித்தியாலம் எடுத்தது. குழாய் இறுகியிருக்கிறதா என்று இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். தான் வேண்டாம் என்ற சாமானை அவ்வளவு கவனமாகப் பூட்டினார்.

திரும்பவும் மதகடியிலிருந்து இரண்டாம் ஓட்டம். சத்தம் பெரிது. அந்தச் சத்தத்தில் கார் பறப்பது போலத்தான் இருந்தது. நான் மச்சானைப் பார்த்தேன். கனடாவில் அவன் இறைச்சி வெட்டுகிற தொழிற்சாலையில் நிற்கிறவன். கை விரல்கள் சரியாக மடங்காது. அன்று அந்தக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தான். தரிப்பிடம் கடந்தது. அமத்தினேன். பார்த்தேன்.

"எத்தினை அத்தான்?"

"பதினைஞ்சு."

சொன்ன கையோடு இலக்கத்தை அழித்தேன். அது பதினைந்து இல்லை.

அவன் ஸ்டியரிங்கில் அடித்தான். "ரெண்டு செக்கன்! பாத்தியளோ அண்ணை! மூக்கு இப்ப எப்பிடி?"

அயல் வீட்டுக்காரன் கட்சி மாறிவிட்டான். "அண்ணை, இனி ஸ்பானரை வைச்சிட்டு நல்லூர்த் திருவிழாவிலை கச்சான் கடலை விக்கலாம்."

கராஜ்காரர் சிரிக்கவில்லை. அவர் பின்னாலிருந்து என்னைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"நீர்தானே பாத்தனீர்," என்றார். "சரி."

மச்சான் பிளேன் ஏறி மூன்றாம் நாள், நானே கூம்பைக் கழற்றிப் பழைய பெட்டியைப் பூட்டினேன். என் எஞ்சினுக்குள் தூசி போக நான் விடவில்லை. கூம்பை உரப்பைக்குள் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டேன்.

அதே கிழமை அயல் வீட்டுக்காரன் ரவுணுக்குப் போய், கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்தான். கொஞ்சம் மலிவானது. அவன் ஓடுவது வெங்காயத் தோட்டத்துச் செம்மண் ஒழுங்கைகளில். என் வாசலால் போகும்போது சத்தம் கேட்கும். சொல்லிவிடுவோம் என்று எழும்புவேன். பிறகு இருந்துவிடுவேன்.

ஒரு நாள் கேட்டான். "என்ன அண்ணை, உங்கடை கார் இப்ப சத்தம் போடுறேல்லை?"

"காதுக்குப் பழகிப்போச்சு," என்றேன்.

ஒயில் மாற்றக் கராஜுக்குப் போனபோது கராஜ்காரர் பொனற்றைத் தூக்கினார். பழைய பெட்டியைக் கண்டார். என்னை ஒரு தரம் பார்த்தார். பெட்டியைத் திறந்து, பில்ரரைத் தட்டித் தூசியை உதறி, திரும்ப வைத்து மூடினார்.

ஒரு வருடமும் சில மாதமும் கழிந்தன. அயல் வீட்டுக்காரனின் கார் நீலப் புகை தள்ளத் தொடங்கியது. ஒயிலைக் குடித்தது. பிறகு இழுக்கவேயில்லை. கராஜில் எஞ்சினைப் பிரித்தபோது நானும் நின்றேன். கராஜ்காரர் கூம்புக்குப் பின்னாலிருந்த குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் சிவப்பாக வந்தது. உள்ளே எஞ்சின் சுவர் முழுக்கக் கீறல்.

"மண் திண்டிருக்கு," என்றார்.

அயல் வீட்டுக்காரன் நம்பவில்லை. "உது ரெண்டு செக்கன் குறைச்ச சாமானெல்லோ அண்ணை? வேறை ஏதும் பிழையோ?"

"ஓம். வேறை பிழைதான்."

அவன் வீட்டுக்குப் போன் எடுக்க வெளியே போனான். நான் கேட்டேன், "அண்ணை, நீங்கள் அவனுக்கு முதலே சொல்லியிருக்கலாமே?"

"வாயைப் பொத்துறன் எண்டு சொன்னனான் தம்பி." விரலைத் துணியில் துடைத்தார். "நீர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே."

வேறு எஞ்சின் போட அவனுக்கு வழியில்லை. காரைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தான். இப்போது அவன் விடிய ஆறு மணிக்குச் சைக்கிளில் தோட்ட வேலைக்குப் போகிறான். முன்பு தான் கார் ஓடின அதே ஒழுங்கைகளால். மழை நாளில் கண்டால் நான் ஏற்றிக்கொண்டுபோய் விடுவேன். காசு வாங்குவதில்லை. என்னை நல்ல மனிதன் என்று ஊரில் சொல்லித் திரிகிறான். அதைக் கேட்பதுதான் கஷ்டம்.

மச்சான் மாதம் ஒரு தரம் போனில் கதைப்பான். "எப்பிடி அத்தான், இழுக்குதோ?"

"நல்லா இழுக்குது."

ஒருவன் மனம் நோகக் கூடாது என்று இரண்டு செக்கனைக் குறைத்தேன், இன்னொருவனின் பிழைப்புப் போனது. இதை அயல் வீட்டுக்காரனுக்கு நேரே சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. எழுதத்தான் முடிகிறது. அன்று இரண்டாம் ஓட்டம் முடிய, போனில் நான் கண்ட இலக்கம்:

பதினேழு.